ஸ்விஃப்ட் ஹெட்லைட்டுக்குள் கருப்புப் பூசிய மூன்று வாரங்கள்

முதலில் மஞ்சளானது வலப்பக்க விளக்குதான். ஈரோட்டில் எங்கள் வீட்டு வாசல் தெற்குப் பார்த்தது. வண்டியைத் தெருவைப் பார்த்தபடிதான் நிறுத்துவோம். மேலே கூரை கிடையாது. பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து நேராக வலப்பக்க விளக்கின் மேல் இறங்கும். இடப்பக்கத்துக்குப் பக்கத்து வீட்டு வேப்பமரத்து நிழல் உண்டு. அப்பா 2009-இல் வாங்கிய வெள்ளை ஸ்விஃப்ட் அது. இத்தனை ஆண்டு வெயில் இரண்டு விளக்குகளிலும் இரண்டு விதமாக எழுதியிருந்தது: ஒன்று லேசாக மங்கல், மற்றொன்று பழைய செய்தித்தாள் நிறம்.

பழனிக்குப் போய்விட்டுத் தாராபுரம், காங்கேயம் வழியாக இரவில் திரும்பிய ஒரு நாள், சாலையோர வெள்ளைக் கோடு எனக்குத் தெரியவே இல்லை. மறுநாளே இதைச் சரி செய்வது என்று முடிவெடுத்தேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். உள்ளே பளபளக்கும் வெள்ளிப் பூச்சையும் கருப்பாக்கிவிடலாமா? வண்டியின் முகமே மாறிவிடும்" என்றாள். வெளியே மெருகு, உள்ளே கருப்பு என்று வேலை இரண்டானது அப்படித்தான்.

தொடங்கும் முன்பே ஒன்றில் உறுதியாக இருந்தேன். ஹெட்லைட்டில் வெளிச்சத்துக்கு உரிய பாகங்கள் உண்டு, அழகுக்கு உரிய பாகங்கள் உண்டு. பல்புக்குப் பின்னால் கிண்ணம் போல இருக்கும் ரிஃப்ளெக்டரும் பல்பும் வெளிச்சத்துக்கு உரியவை. கிண்ணத்தைச் சுற்றி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் பெசல் என்ற பிளாஸ்டிக் சட்டம் அழகுக்கு மட்டுமே. நான் கருப்பாக்கப் போவது அந்தச் சட்டத்தை மட்டும். விளக்கின் மேல் ஒட்டும் கருநிறத் தாள், நீல வெளிச்சம், சந்தைக்கடை எல்இடி பல்பு எதுவும் வேண்டாம் என்று மகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். ஹெட்லைட்டில் போடும் எச்4 ரகப் பழைய பல்பு ஒன்றை அவள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

இந்தப் பல்பு 12 வோல்ட், 60/55 வாட். உள்ளே இரண்டு இழைகள். ஒன்று பிரைட்டுக்கு, மற்றொன்று டிம்முக்கு. டிம் இழையின் அடியில் கரண்டி போல ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். அது கீழே போகும் வெளிச்சத்தைத் தடுத்துவிடுவதால், டிம்மில் எரியும்போது ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டுமே வேலை செய்கிறது. மேல் பாதியில் பட்ட ஒளி சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. எதிரே வருபவரின் கண்ணுக்குப் போவதில்லை. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் அந்தத் தகட்டின் ஒரு ஓரம் சற்றுச் சாய்வாக இருக்கும். அதனால்தான் டிம் வெளிச்சம் இடப்பக்கத்துச் சாலையோரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறிக் காட்டுகிறது. இழை இருக்கவேண்டிய இடம் சில மில்லிமீட்டர் மாறினாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும். எல்இடி பல்பு பலவற்றில் ஒளி கிளம்பும் இடம் இழை இருந்த இடத்தில் அமைவதில்லை. எதிரே வருபவர் கண் கூசித் திட்டுவது அதனால்தான்.

விளக்கைக் கழற்றும் முன் செய்த முதல் வேலை, சுவரில் டேப் ஒட்டியது. எதிர்வீட்டுச் சுற்றுச்சுவர் சமமாக இருந்தது; அவர்களிடம் கேட்டுக்கொண்டு, இருட்டிய பிறகு விளக்கின் முகத்திலிருந்து சுவர் சரியாக 5 மீட்டர் தூரத்தில் இருக்கும்படி வண்டியை நிறுத்தினோம். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் என்னை உட்காரவைத்து, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு எங்கே வெட்டுப்பட்டு நிற்கிறதோ அங்கே மகள் மாஸ்கிங் டேப்பால் கோடு போட்டாள். நான்கு டயர்கள் நின்ற இடத்தையும் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டோம். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விளக்கைக் கழற்றுகிறவர்கள் திரும்ப மாட்டும்போது இருட்டில் தேடுவார்கள்.

கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டேன். இந்த மாடலில் முன் பம்பரை எடுக்காமல் விளக்கு வெளியே வராது. பம்பரைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே உடையும் என்பதால் ஒரு டஜன் புதிதாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு 10 மி.மீ. ஸ்பேனர் போதும். பல்பை எடுக்கும்போது கண்ணாடியை விரலால் தொடவேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் எரியும்போது அளவுக்கு மீறிச் சூடாகி, பல்பின் ஆயுள் குறையும்.

விளக்கைத் திறப்பதுதான் எல்லோரும் பயப்படும் இடம். நானும் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். முன்பக்கக் கண்ணாடி, பின்பக்கக் கூட்டின் ஓரத்தில் ஓடும் ஒரு வாய்க்காலில் உட்கார்ந்திருக்கும். வாய்க்கால் முழுவதும் ப்யூட்டைல் என்ற கருப்புப் பசை. சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். அதனால்தான் திறக்கவும் மூடவும் முடிகிறது. சில வண்டிகளில் சூட்டுக்கு இளகாத கடினப் பசை இருக்கும். அவற்றை வீட்டில் திறக்க முயன்றால் கண்ணாடிதான் உடையும். ஓரத்தில் மெல்லிய திருப்புளி நுனியால் குத்திப் பாருங்கள். ரப்பர் போல அமுங்கினால் ப்யூட்டைல்.

விளக்கை முழுதாக மின்சார ஓவனில் வைத்துச் சூடாக்குவது பலர் செய்யும் முறை. எங்கள் வீட்டு ஓவன் சிறியது. அதைவிட, சோறு சமைக்கும் இடத்தில் இந்த வாடையை ஏற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வாங்கினேன். அதன் மூக்கில் 500 டிகிரிக்கு மேல்கூட வரும். ஆனால் முன்கண்ணாடி செய்யப்பட்ட பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் 147 டிகிரி அருகிலேயே இளகத் தொடங்கிவிடும். எனவே குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓரம் நெடுகிலும் போய் வந்துகொண்டே இருந்தேன். சுற்றிலும் உள்ள சிறு திருகுகளை முதலிலேயே எடுத்துவிட்டு, பூட்டுகளை ஒவ்வொன்றாக நெம்பிவிட்டேன். ஏழெட்டு நிமிடத்தில் ஒரு மூலை அசைந்தது. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை அந்த இடுக்கில் செருகி, மீண்டும் சூடு, மீண்டும் இழுப்பு. கண்ணாடி விலக விலக, கருப்புப் பசை பலாப்பால் போல நூல் நூலாக நீண்டு, நடுவில் மெலிந்து, அறுந்து சுருண்டது. கையில் பட்டால் ஒட்டிக்கொள்வதிலும் பலாப்பாலேதான். போக்குவதற்கும் அதே மருந்து, தேங்காய் எண்ணெய். நூல்கள் ரிஃப்ளெக்டரின் மேல் விழாமல் மகள் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் அவ்வளவு கவனமாக இருந்தும், தவறு என்னால் நேர்ந்தது. கண்ணாடியைத் தூக்கும்போது என் கட்டைவிரல் ரிஃப்ளெக்டரின் கீழ் ஓரத்தில் பதிந்துவிட்டது. ரேகை அச்சு அசலாகத் தெரிந்தது. உடனே துடைக்கத் துணியை எடுத்தேன். நல்லவேளை, பழக்கமான பெயிண்ட் பட்டறை மேஸ்திரிக்கு முதலில் போன் செய்தேன். "தொடாதீர்கள் சார். அது பெயிண்ட் இல்லை, புகை போன்ற அலுமினியப் பூச்சு. துணி பட்டால் ரேகையோடு பூச்சும் வந்துவிடும்" என்றார். ரிஃப்ளெக்டரின் பளபளப்பு, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம். அதன் மேல் தூசி இருந்தால் காற்றடித்துப் போக்கலாம், தேய்க்கக் கூடாது. ரேகையை அப்படியே விட்டுவிட்டேன்.

இனி கண்ணாடி. நாம் கண்ணாடி என்று சொன்னாலும் அது பாலிகார்பனேட். கல் பட்டால் உடையாத வலிமை அதற்கு உண்டு. வெயிலைத் தாங்கும் வலிமை கிடையாது. அதனால் தொழிற்சாலையிலேயே புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கடினப் பூச்சு ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு தேய்ந்து வெடித்த பிறகு, அடியில் உள்ள பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. பிளாஸ்டிக் முகப்புள்ள விளக்கு எந்த வண்டியில் இருந்தாலும் இதுதான் கதை. பற்பசையால் தேய்த்தால் பளிச்சென்று தெரியும் என்பார்கள். மேலே கொஞ்சம் மஞ்சள் போகும், பாதுகாப்புப் பூச்சு திரும்பி வருமா? சில மாதங்களில் முன்பைவிட மோசமாகும். கொசு விரட்டும் களிம்பைத் தடவுவது இன்னும் கெடுதல். அது பிளாஸ்டிக்கின் மேல்தோலையே கரைத்துப் பளபளப்புக் காட்டுகிறது. தின்னர், பெட்ரோல் பக்கத்திலேயே வரக்கூடாது. பாலிகார்பனேட்டில் நுண்ணிய வெடிப்புகள் விழும். அவற்றை எதுவும் போக்காது.

600-ஆம் எண் நீர் உப்புத்தாளில் தொடங்கினேன். தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, சிறிய ரப்பர் கட்டையில் சுற்றி, ஒரே திசையில் தேய்க்கவேண்டும். முதலில் வடிந்த தண்ணீர் மஞ்சள் கலந்த பால். தேய்க்கத் தேய்க்கச் சில இடங்களில் பூச்சு தீவு தீவாக ஒட்டிக்கொண்டு நின்றது. தண்ணீரைத் துடைத்து, சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். தீவுகள் எல்லாம் கரைந்து, வடியும் பால் வெள்ளையாகும்வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. அவசரப்பட்டு விட்ட ஒரு தீவு, கடைசியில் பூச்சு ஏறியதும் தேமல் போலத் தெரியும். வலப்பக்கக் கண்ணாடிக்கு இந்தப் படி மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அடுத்து 1000, 1500. ஒவ்வொன்றிலும் முந்தைய தாளின் கீறலுக்குக் குறுக்காகத் தேய்த்தேன். எல்லாம் முடிந்தபோது கண்ணாடி பனி படர்ந்தது போல வெளுத்து, உள்ளே எதுவும் தெரியவில்லை. மகளுக்கு முகம் வாடிவிட்டது. அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காட்டினேன். ஈரம் இருந்த இடம் மட்டும் பளிங்காகத் தெளிந்தது. தண்ணீர் நிரப்பிய அந்த நுண்கீறல்களைத்தான் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு நிரந்தரமாக நிரப்பப் போகிறது.

கிளியர் கோட் ஒன்றை மட்டும் வீட்டில் செய்யவில்லை. நிலைக்கக்கூடியது, கெட்டியாக்கி கலந்து அடிக்கும் இரண்டு பாகக் கிளியர். அதன் ஆவியில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலுக்குக் கேடு. சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. மேஸ்திரியிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். உரிய முகமூடியோடு, புற ஊதாத் தடுப்புள்ள கிளியரை இரண்டு கோட் அடித்துத் தந்தார். கண்ணாடியின் உட்பக்கத்தில் உப்புத்தாள் படவே கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, காயவைத்தால் போதும்.

பெசலுக்கு வருகிறேன். மேஸ்திரியிடம் பைக் சைலன்சருக்கு அடிக்கும் கருப்பு போதுமா, சூடு தாங்குமே என்று கேட்டேன். "அது சூட்டில் வெந்தால்தான் இறுகும் சார். பிளாஸ்டிக்கை எப்படி வேகவைப்பீர்கள்?" என்றார். பிளாஸ்டிக்குக்கான பிரைமர் என்ற அடிப்பூச்சும், அரை மினுமினுப்பான கருப்பு அக்ரிலிக் ஸ்ப்ரேயும் வாங்கினேன். முழு மினுமினுப்பு வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளே படியும் சிறு தூசியும் அதில் துல்லியமாகத் தெரியும். முழு மங்கலோ, வெள்ளை வண்டியில் விளக்கு இருக்குமிடத்தில் ஓட்டை விழுந்தது போலக் காட்டும். ரிஃப்ளெக்டரைச் சுற்றி ஓடும் விளிம்பில் மட்டும் அரை விரற்கடை அகலத்துக்கு வெள்ளியை அப்படியே விடலாம் என்றாள் மகள். மெல்லிய டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி அந்த வளைவில் ஒட்டியதும் அவள்தான். இன்று வண்டியைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது அந்த வளையத்தைத்தான்.

பெசலை 400-ஆம் எண் தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, திருப்பூர் பனியன் துணியால் துடைத்து, மொட்டை மாடியில் கொடிக்கம்பியில் தொங்கவிட்டேன். அடிப்பதற்கு முன் தரையில் வாசல் தெளிப்பது போலத் தண்ணீர் தெளித்தேன், தூசி எழாது. பிரைமர் மெல்லியதாக ஒரு கோட். கருப்பு மூன்று கோட், இடையில் கால் மணி நேரம். முதல் கோட்டிலேயே முழுக்க மூடிவிட ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள், கெட்டியாக அடித்தால் வழியும்.

நான் பெரிய பிழை செய்தது இதற்கு அடுத்து. இடப்பக்க விளக்கை முதலில் எடுத்திருந்தேன். சனிக்கிழமை பெயிண்ட் அடித்தேன். திங்கட்கிழமை வேலைக்கு வண்டி வேண்டும் என்பதால் ஞாயிறு இரவே விளக்கை மூடிவிட்டேன். தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரக் கடைசியில் வலப்பக்க விளக்கைத் திறந்து, அதன் பெசலுக்கும் வண்ணம் அடித்தேன். மறுநாளே அலுவலகப் பயிற்சிக்காக ரயிலில் சென்னை போகவேண்டி வந்தது. பெசல் மாடி அறையில் எட்டு நாள் தொங்கியது. திரும்பி வந்து மூடினேன். ஒரே டப்பாவின் பெயிண்ட், ஒரே கை.

ஊரிலிருந்து வந்த அன்றே இடப்பக்கக் கண்ணாடியின் உட்புறம் லேசாகப் புகை மூட்டம் கண்டேன். முதலில் ஈரம் என்று நினைத்தேன். ஈரமானால் விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டால் விலகத் தொடங்கும். அரை மணி நேரம் எரியவிட்டும் இது அசையவில்லை. மீண்டும் பம்பர், மீண்டும் ஹீட் கன். திறந்து விரலால் தடவினால் தாளிக்கும் அடுப்புக்கு மேலே சுவரில் படிவது போல எண்ணெய்ப் பிசுக்கு. மேலே காய்ந்திருந்த பெயிண்ட், அடியில் காயவில்லை. பல்பின் சூட்டில் மிச்சமிருந்த கரைப்பான் ஆவியாகி, மூடிய அறையில் வெளியேற வழியில்லாமல், அங்கே மிகக் குளிர்ச்சியான பரப்பாகிய முன்கண்ணாடியில் படிந்துவிட்டது. ரிஃப்ளெக்டர் சூடாக இருந்ததால் தப்பியது. கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவினேன். பெசலை ஒரு வாரம் வெயில்படாத சூட்டில் தொங்கவிட்டேன். மூக்கருகே கொண்டுபோனால் வாடை துளியும் வரக்கூடாது. அதுதான் என் அளவுகோல் இப்போது. அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன்.

மூடுவதற்குப் புதிய ப்யூட்டைல் சுருள் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பசையை முடிந்தவரை சுரண்டி எடுத்து, வாய்க்கால் முழுதும் இடைவெளியின்றிப் புதியதை வைத்து, முனைகள் சேரும் இடத்தை விளக்கின் மேற்பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டேன். மேலும் சூடாக்கி, கண்ணாடியை அமுக்கி, கிளாம்ப் போட்டு ஆறவிட வேண்டும். பாத்ரூம் சிலிக்கான் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. புளித்த காடி வாடை அடிக்கும் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அது ரிஃப்ளெக்டரின் அலுமினியத்தை அரிக்கும். மறுமுறை திறக்கவும் முடியாது. கூட்டின் பின்புறம் காற்று போய்வர இருக்கும் சிறு துளையையோ குழாயையோ பசையால் அடைத்துவிடாதீர்கள். விளக்கு சூடாகி ஆறும்போது மூச்சுவிடுவது அதன் வழியாகத்தான். ஈரப்பதம் உள்ள மழை நாளில் மூடவும் வேண்டாம். பங்குனி வெயில் எனக்கு இதில் உதவியது.

எல்லாம் மாட்டிய இரவு, சாக்பீஸ் குறியில் டயர்களை நிறுத்தி டிம் போட்டோம். வலப்பக்கம் டேப்பின் மேலேயே உட்கார்ந்தது. இடப்பக்கம் 4 செ.மீ. மேலே நின்றது. 4 செ.மீ. தானே என்று விடக்கூடாது. டிம் வெளிச்சம் பொதுவாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கீழே சாய்ந்திருக்கும். 5 மீட்டருக்கு அது 5 செ.மீ. நான்கு போனால் சாய்வே ஏறக்குறைய இல்லை, எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். ஹெட்லைட்டின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்காகப் போலீசார் வண்டிகளை நிறுத்துவதைச் சிறு வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கண்கூச்சம் அந்த அளவுக்கு உயிர்ப் பிரச்சினை. விளக்கின் பின்புறத் திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பினேன். மகள் சுவரருகே நின்று "இன்னும், இன்னும், போதும்" என்றாள்.

செலவு: ஹீட் கன் 1,400 ரூபாய், ப்யூட்டைல் 650, பிரைமரும் பெயிண்டும் 780, உப்புத்தாள், டேப், கிளிப்புகள் 400, மேஸ்திரிக்கு 1,000.

போன வாரம் அதே காங்கேயம் சாலையில் இரவில் வந்தேன். வெள்ளைக் கோடு முழுதாகத் தெரிந்தது. இடப்பக்க ரிஃப்ளெக்டரின் கீழ் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை இப்போதும் இருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். அரைச் சுருள் ப்யூட்டைல் மிச்சம் இருக்கிறது. வேப்பமரத்து வீட்டுக்காரர் தன் வண்டி விளக்கையும் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை பெசல் கொடியில் தொங்க முழுதாகப் பத்து நாள் கேட்டிருக்கிறேன்.